முதுகு ஸ்கேன் பார்த்த நாளிலிருந்து அப்பாவுக்கு வலி கூடிப்போச்சு. சொன்ன வார்த்தைக்கே வலி கூடுமா?

பிரிவு: உடல்நலம் » முதுகு, மூட்டு, வலி

கயல்_சிப்புட்
திங்கள், இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துல இருக்கோம். அப்பா சின்ன வயசுல பால்மரம் வெட்டினவர். தோட்டம் செம்பனைக்கு மாறினதும் குலை வெட்டுக்குப் போயிட்டாரு. இப்ப வயசு 57. முதுகு வலி அவருக்குப் புதுசு கிடையாது. வேலை முடிஞ்சு வந்ததும் வெந்நீர்ல குளிச்சு, கோடாலித் தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டு, பாயில கொஞ்ச நேரம் மல்லாந்து கிடப்பாரு. மறுநாள் விடியறதுக்குள்ள பெரட்டுக்கு, அதான் காலையில ஆள் கணக்கெடுக்கற இடத்துக்கு, போயிடுவாரு.

கொஞ்ச நாளைக்கு முன்னால வலி கூடுதலா இருக்குன்னு அண்ணன் ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு தனியார் இடத்துல எம்ஆர்ஐ எடுத்தாரு. படத்தைப் பார்த்த டாக்டர் அப்பா முகத்துக்கு நேரா சொன்னது இதுதான்: "அங்கிள், உங்க முதுகெலும்பு எண்பது வயசுக்காரரோடது. தேஞ்சு போச்சு. எலும்புக்கு நடுவுல இருக்கற ரெண்டு டிஸ்க் வெளியே தள்ளி நிக்குது. குனியாதீங்க, கனம் தூக்காதீங்க. கவனமா இல்லாட்டி ஒரு நாளைக்குப் படுத்த படுக்கையாயிடுவீங்க."

அந்த ரூமுக்குள்ள நல்லா நடந்து போனவர், வெளியே வரும்போது சுவரைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. நேத்து மோட்டார் சாவி கீழ விழுந்துச்சு. எடுக்கப் போனவர் பாதி குனிஞ்சாரு, மூச்சை அடக்கிக்கிட்டு அப்படியே நின்னாரு, மெதுவா நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன். அவர் குனிய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முகம் சுருங்கிடுச்சு.

அண்ணன், "அதெல்லாம் மனப்பிரமை, அப்பா பயந்துட்டாரு"ன்னு சொல்றாரு. அது அப்பா காதுல விழுந்துடுச்சு. "நான் நடிக்கிறேனா?"ன்னு கேட்டாரு. அதுலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல.

ஒரு வார்த்தையைக் கேட்டு வலி கூடுமா? கூடினா அது நிஜ வலியா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேல்மாறன்_புந்தோங்
திங்கள், இரவு 9.50

தங்கச்சி, கூடவும் கூடும், குறையவும் குறையும். தைப்பூசத்துக்கு ஈப்போ புந்தோங்லேர்ந்து கல்லுமலை முருகன் கோயிலுக்கு அலகு குத்திக் காவடி எடுக்கிறவன் நான். விரதம் இருந்து, குளிச்சு, உறுமி மேளத்துக்கு நடுவுல நிக்கும்போது கன்னத்துல வேல் ஏறும். ஒரு அழுத்தம் தெரியும், அவ்வளவுதான். அதே நான் பல்லு பிடுங்கப் போனா, நாற்காலியில உட்கார்ந்ததுமே உள்ளங்கை வேர்க்குது. அங்க வலிக்கப்போகுதுன்னு நினைச்சுக்கிட்டே போறேன். முருகன் முன்னாடி அந்த நினைப்பே வர்றதில்ல. எனக்கு அது அருள். மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு படிச்சவங்க சொல்லட்டும், கேட்டுக்கறேன்.

பிசியோ_தேவி
திங்கள், இரவு 11.05

கயல், விளக்கத்துக்கு முன்னாடி ஒண்ணு. சிறுநீரோ மலமோ அடக்க முடியாமப் போறது, தொடை இடுக்கைச் சுத்தி மரத்துப் போறது, கால்ல பலம் குறையறது, காய்ச்சல், காரணமில்லாம எடை இறங்குறது, இதுல எது இருந்தாலும் இந்த இழையை மூடிட்டு அப்பாவை அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. எதுவும் இல்லைன்னா மேல படிங்க.

நான் பிசியோதெரபிஸ்ட். தோட்டத்து ஆளுங்க முதுகைத்தான் தினமும் பார்க்கறேன். உங்க கேள்விக்கு என் பதில்: ஆமா, கூடும். கூடின வலி நிஜ வலிதான்.

2011-ல ஆக்ஸ்ஃபோர்டுல உல்ரிக்க பிங்கல் என்ற மருத்துவரும் அவர் குழுவும் ஒரு சோதனை நடத்தினாங்க. நோய் நொடி இல்லாத 22 பேர். கால்ல சூடு வெச்சு வலி உண்டாக்கி, 0 முதல் 100 வரைக்கும் எவ்வளவு வலிக்குதுன்னு கேட்டாங்க. கையில டிரிப் ஓடுது. முதல்ல மருந்து இல்லாம பார்த்தப்ப சராசரி 66. பிறகு ரெமிஃபெண்டனில்ங்கற பலமான வலி மருந்தை, ஆளுக்குச் சொல்லாமலே டிரிப்புல விட்டாங்க. 55-க்கு இறங்குச்சு. அடுத்து, "இப்ப மருந்து ஏத்தறோம்"னு சொன்னாங்க. மருந்து ஏற்கெனவே ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, அளவு கூடவே இல்ல. ஆனா வலி 39-க்கு விழுந்துச்சு. கடைசியா, "மருந்தை நிறுத்திட்டோம், இனி வலி கூடலாம்"னு சொன்னாங்க. நிறுத்தவே இல்ல, அதே அளவு ஓடுது. வலி 64-க்கு ஏறிடுச்சு. மருந்தே இல்லாதப்ப இருந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட திரும்பிடுச்சு.

இதை ரெண்டு தடவை படிங்க கயல். ஆபரேஷன் தியேட்டர்ல பயன்படுத்தற மருந்து ரத்தத்துல ஓடிக்கிட்டு இருக்கும்போதே, ஒரு வாக்கியம் அதோட பலனை அழிச்சிருக்கு. அவங்க யாரும் நடிக்கல. அதே நேரத்துல மூளையை ஸ்கேன் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. வலியைக் கையாளற பகுதிகளோட வேலையும் சொன்ன வாக்கியத்துக்கு ஏத்தபடி மாறியிருக்கு.

நம்ம ஊர் மொழியில சொல்லணும்னா, வேலையை மேற்பார்க்கற அனுபவப்பட்ட தண்டல் தராசுல வைக்கறதுக்கு முன்னாடியே குலையைப் பார்த்து எடை சொல்லிடுவாரு இல்லையா, மூளையும் அப்படித்தான். உடம்புல இருந்து சேதி வந்து சேரறதுக்குள்ள, இது இவ்வளவு வலிக்கும்னு ஒரு மதிப்பு போட்டு வெச்சிருக்கும். பிறகு வர்ற சேதியை அந்த மதிப்போட சேர்த்துத்தான் படிக்கும். சாவியை எடுக்கக் குனியறதுக்கு முன்னாடியே அப்பா முகம் சுருங்கினது அதனாலதான்.

அடுத்தது அந்த ஸ்கேன். முதுகு வலியே இல்லாத 3110 பேரோட ஸ்கேன் முடிவுகளை 33 ஆய்வுகள்ல இருந்து திரட்டி 2015-ல வெளியிட்டாங்க. வலியே இல்லாதவங்க, அதைக் கவனிங்க. 20 வயசுக்காரங்கள்லயே 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்துச்சு. 50 வயசுல 80 விழுக்காடு. டிஸ்க் வெளியே பிதுங்கி நிக்கறது 50 வயசுல 60 விழுக்காடு. உங்க அப்பா படத்துல தெரிஞ்சது அவர் வயசுக்கு வழக்கமா தெரியறதுதான். தலை நரைக்கற வயசுல நரைக்குது. இதை யாராவது அவர்கிட்ட சொன்னாங்களா?

கேள்விமணி
செவ்வாய், காலை 7.20

தேவி அவர்களே, நல்ல விளக்கம். ஆனால் இந்த விஷயத்தில் மிகைப்படுத்தல் அதிகம் நடக்கிறது என்பதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன்.

1955-ல் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் 15 ஆய்வுகளைத் திரட்டி, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையாலேயே சுமார் 35 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிகிறது என்று எழுதினார். உலகம் முழுக்க அதையே மேற்கோள் காட்டினார்கள். அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. எதுவுமே கொடுக்காமல் விட்டிருந்தால் அவர்களில் எத்தனை பேருக்குத் தானாகவே குறைந்திருக்கும் என்று அவர் கழித்துப் பார்க்கவில்லை. வலி ஏறும், இறங்கும். ரொம்ப ஏறிய நாளில்தான் மனிதன் மருத்துவரிடம் போகிறான். அதற்குப் பிறகு எது கொடுத்தாலும் இறங்கத்தான் செய்யும்.

2001-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் இருவர், வெற்று மருந்து கொடுத்தவர்களையும் ஒன்றுமே கொடுக்காதவர்களையும் ஒப்பிட்ட 114 சோதனைகளை அலசினார்கள். பெரும்பாலான நோய்களில் வித்தியாசமே இல்லை. வலியில் மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. கொஞ்சம்தான்.

கயலின் அப்பா விஷயத்திலும், வலி கூடிக்கொண்டிருந்த சமயத்தில்தானே ஸ்கேனுக்கே போனார்கள்? வார்த்தையால் கூடியதா, கூட வேண்டிய நேரத்தில் கூடியதா என்று எப்படிப் பிரிப்பது?

பழைய_டிரெஸர்
செவ்வாய், காலை 10.35

வணக்கம் பிள்ளைகளே. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து போடும் டிரெஸராக இருந்து ஓய்வு பெற்றவன். வெள்ளைக்காரத் துரைகள் போய் நம்மவர்கள் மேனேஜராக வந்த காலம் அது. ஆராய்ச்சி பற்றி எனக்குப் பேசத் தெரியாது. என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன்.

செம்பனைத் தோட்டத்தில் அதிகம் வரும் கேஸ் முள் குத்தல். விரல் மூட்டுக்குள் முள் முறிந்து நிற்கும், சுற்றிலும் வீங்கியிருக்கும். கீறித்தான் எடுக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். கை சுத்தமான வேலைக்காரர். ஆனால் கத்தியை எடுத்ததும், "பல்லைக் கடிச்சுக்க, உயிர் போற மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். ஆளைத் தைரியப்படுத்துவதாக அவருக்கு நினைப்பு. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கை மட்டுமல்ல, தோள், கழுத்து எல்லாம் விறைத்துக்கொள்ளும். கத்தி தோலைத் தொடுவதற்கு முன்பே கத்துவான். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நான் வேறு மாதிரி பழகினேன். ஸ்பிரிட் பஞ்சை வைக்கும்போது, "இப்ப ஜில்லுனு இருக்கும்" என்பேன். ஜில்லென்று இருக்கும். "இப்ப மரத்துப்போக மருந்து போடறேன், கொஞ்சம் எரியும், பத்து எண்றதுக்குள்ள அடங்கிடும்" என்பேன். இருவருமாகச் சேர்ந்து எண்ணுவோம். அடங்கும். நான் சொன்ன இரண்டும் சொன்னபடி நடந்துவிட்டதால், மூன்றாவதாக "இனி இழுக்கறது தெரியும், வலி தெரியாது" என்று சொன்னால் அவன் நம்பிவிடுவான். கை தளர்ந்து என் உள்ளங்கையில் கனமாக விழும். அந்தக் கனம் வந்த பிறகுதான் கத்தியை வைப்பேன். அதே கத்தி, அதே முள்.

இதில் ஒரு பொய்யும் கிடையாது என்பதைத் தம்பி கேள்விமணி கவனிக்க வேண்டும். எரியும் இடத்தில் எரியும் என்றே சொன்னேன். எரியாது என்று ஒரு தடவை சொல்லி எரிந்துவிட்டால், அடுத்த தடவை நம் வார்த்தைக்கு அங்கே மரியாதை இருக்காது.

கயல்_சிப்புட்
செவ்வாய், மதியம் 1.10

தேவி அக்கா, நீங்க சொன்ன அறிகுறி எதுவும் அப்பாவுக்கு இல்ல. நான் ஒவ்வொண்ணாக் கேட்டுட்டேன். கால்ல பலம் நல்லாவே இருக்கு.

டிரெஸர் ஐயா, நீங்க எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அம்மா அவங்க தோட்டத்து டிரெஸர் ஐயாவை நினைச்சு ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க.

கேள்விமணி அண்ணன் கேட்டது நியாயம். வலி கூடினதாலதான் ஸ்கேனுக்குப் போனோம். ஆனா போறதுக்கு முன்னாடி வரைக்கும் அப்பா தானே குனிஞ்சு சப்பாத்து மாட்டுவாரு. இப்ப அம்மா மாட்டி விடறாங்க. ஒரே நாள்ல மாறின விஷயம் அது.

பிசியோ_தேவி
செவ்வாய், இரவு 10.40

கேள்விமணி சொன்ன எச்சரிக்கை சரியானது. 2001 ஆய்வை நானும் மதிக்கறேன். பல நோய்கள்ல எதிர்பார்ப்பால ஒண்ணும் ஆகாது. கட்டி கரையாது, முறிஞ்ச எலும்பு ஒட்டாது, சர்க்கரை குறையாது. ஆனா தானா ஏறி இறங்கற வலிதான் காரணம்னு சொன்னா, ஆக்ஸ்ஃபோர்டு சோதனையை அது விளக்காது. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே சூடு. மாறினது சொன்ன வார்த்தை மட்டும்தான்.

அதுக்கு மேல, உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னே பிடிச்சிருக்காங்க. 1978-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ்னு மூணு பேர், கடைவாய்ப் பல் பிடுங்கினவங்களுக்கு வெற்று மருந்து கொடுத்தாங்க. சிலருக்கு வலி குறைஞ்சது. பிறகு நாலோக்சோன்ங்கற மருந்தைக் கொடுத்தாங்க. அபின் வகை மருந்து எதுவா இருந்தாலும் அதோட வேலையைத் தடுக்கறது நாலோக்சோன். வெற்று மருந்தால குறைஞ்சிருந்த வலி திரும்ப ஏறிடுச்சு. அதுக்கு என்ன அர்த்தம்? வலி குறையும்னு நம்பினப்ப, அவங்க உடம்பே எண்டார்ஃபின் மாதிரியான சொந்த வலி மருந்தைச் சுரந்திருக்கு. வெறும் கற்பனையா இருந்தா நாலோக்சோன் எதைத் தடுக்கும்?

பயத்துக்கும் இதே மாதிரி ஒரு பாதை இருக்கு. இத்தாலியில தூரின் நகரத்து பெனடெட்டி குழு 1997-ல வெளியிட்ட ஆய்வு. "இந்த மருந்து வலியைக் கூட்டும்"னு சொல்லி வெற்று மருந்து கொடுத்தா வலி கூடுது. கோலிசிஸ்டோகைனின்ங்கற சுரப்பைத் தடுக்கற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தா, அந்தக் கூடுதல் வலி வரல. பதட்டத்தை வலியா மாத்தற வேலையில அந்தச் சுரப்புக்குப் பங்கு இருக்கு.

இன்னொண்ணும் சொல்லிடறேன், எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது. இது மூளையோட நின்னுடல. நெற்றிக்குப் பின்னாடி இருக்கற முன்மூளையில உருவாகற எதிர்பார்ப்பு நடுமூளை வழியாத் தண்டுவடத்துக்கே கட்டளை அனுப்புது. 2009-ல ஹாம்பர்க் நகரத்துல ஐப்பெர்ட் குழு தண்டுவடத்தை ஸ்கேன் பண்ணிப் பார்த்தாங்க. வலி மருந்துன்னு நம்பி வெற்றுக் களிம்பு தடவினவங்களுக்கு, தண்டுவடத்துலயே வலிச் சேதி குறைஞ்சிருந்தது.

கயல், உங்க அண்ணன்கிட்ட இதைக் காட்டுங்க. மனசுன்னு சொன்னா இல்லாததுன்னு அவர் நினைச்சுக்கறாரு. அப்பா பயந்தாருங்கறது உண்மை. அந்தப் பயம் உடம்புல வேலை செஞ்சு வலியைக் கூட்டுதுங்கறதும் உண்மை. நடிக்கறாருங்கறதுதான் பொய்.

சுதா_தாதி
புதன், காலை 6.05

இரவு வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து எழுதறேன். பிரசவ வார்டுல இருக்கேன். டிரெஸர் ஐயா சொன்னதை அப்படியே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 2010-ல வெளிவந்த ஆய்வு, பிள்ளைப்பேறுக்கு வந்த 140 பெண்கள். முதுகுல ஊசி போடறதுக்கு முன்னாடி மரத்துப்போக ஒரு சின்ன ஊசி உண்டு. பாதிப் பேர்கிட்ட, "பெரிய தேனீ கொட்டற மாதிரி இருக்கும், இதுதான் ரொம்ப மோசமான கட்டம்"னு சொன்னாங்க. மீதிப் பேர்கிட்ட, "மரத்துப்போக மருந்து போடறோம், அப்புறம் உங்களுக்குச் சௌகரியமா இருக்கும்"னு சொன்னாங்க. பத்துக்கு எவ்வளவு வலின்னு கேட்டா, முதல் கூட்டம் 5, இரண்டாவது கூட்டம் 3. அதே ஊசி.

எங்க வார்டுல புதுசா வர்ற தாதிகளுக்கு நான் முதல்ல சொல்றது இதுதான். ஊசியைத் தூக்கிக்கிட்டே "வலிக்கும் வலிக்கும்"னு சொல்லாதீங்க. பிள்ளை பெறப் போறவளைச் சுத்தி நின்னு, "எனக்குப் பிறக்கும்போது பாதி உயிர் போயிடுச்சு"ன்னு கதை சொல்ற சொந்தக்காரங்களையும் நான் வெளியே அனுப்பிடுவேன். அவங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

லோரி_குமார்
புதன், மதியம் 12.48

அப்ப மருந்தே வேணாமா? எங்க ஆயாவுக்கு அரசாங்க கிளினிக் மருந்து கேக்கவே மாட்டேங்குது. ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி வாங்கற மருந்துல என்ன இருக்கும்னு சொல்றாங்க. அதே மாதிரி மாத்திரையைத் தனியார் கிளினிக்ல அறுபது வெள்ளி கொடுத்து வாங்கிக் கொடுத்தா ரெண்டே நாள்ல எழுந்து கோயிலுக்குப் போறாங்க. இப்ப பாசார் மாலாம்ல (இரவுச் சந்தையில) ஒருத்தன் காந்த மெத்தை காட்டியிருக்கான், பல ஆயிரம் வெள்ளி. அதுல படுத்தா வலி பறந்துடும்னு ஆயா அடம் பிடிக்கறாங்க. வாங்கலாமா?

கேள்விமணி
புதன், மாலை 6.30

குமார், உங்கள் ஆயா சொல்வதை 2008-ல் அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 82 பேருக்கு ஒரே வெற்று மாத்திரை. ஒரு பாதிக்கு, ஒரு மாத்திரை இரண்டரை டாலர் என்றார்கள். மறுபாதிக்கு, விலை குறைத்து 10 காசுக்குக் கொடுக்கிறோம் என்றார்கள். பிறகு மணிக்கட்டில் லேசான மின் அதிர்ச்சி. விலை உயர்ந்தது என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினருக்கு வலி குறைந்தது. மலிவு என்று நம்பியவர்களில் 61 விழுக்காட்டினருக்கு. மாத்திரைக்குள் ஒன்றுமே கிடையாது.

அந்த ஒரு வெள்ளி மருந்துக்கான செலவை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. ஒரு வெள்ளிக்குக் கிடைப்பது மருந்து மலிவானது என்பதால் அல்ல. இரண்டு பொட்டலத்தையும் பக்கத்தில் வைத்து மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஆயாவுக்குப் படித்துக் காட்டுங்கள். ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

மெத்தையை வாங்காதீர்கள். எதிர்பார்ப்பால் வலி குறைகிறது என்பது உண்மையாக இருப்பதால்தான் இப்படிப்பட்ட வியாபாரம் நடக்கிறது. முதல் வாரம் ஆயாவுக்குக் குறையக்கூடச் செய்யலாம். அந்த ஒரு வாரத்தை நம்பித்தான் அவன் விற்கிறான். வலிக்குப் பின்னால் வேறு நோய் இருந்தால், மெத்தையில் படுத்திருக்கும் நேரத்தில் அது வளரும். தோட்டத்து மக்களின் சேமிப்பை இவர்கள் சூறையாடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறவில்லை.

வேல்மாறனுக்கும் ஒன்று. நான் மேலே குறை சொன்ன அதே பீச்சர், 1944-ல் இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் ராணுவ மருத்துவராக இருந்தார். மோசமாகக் காயம்பட்ட வீரர்களிடம் வலி மருந்து வேண்டுமா என்று கேட்டால், நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். காயம்தான் அவர்களுக்குப் போரிலிருந்து விடுதலை. உயிரோடு வீட்டுக்குப் போகலாம். அதே அளவு காயம் தெருவில் ஒருவனுக்குப் பட்டால், அவனுக்கு அது வேலை போச்சு, சம்பளம் போச்சு. காயத்துக்கு மனிதன் கொடுக்கும் பொருள் மாறினால் வலியும் மாறுகிறது. உங்கள் கன்னத்து அலகையும் பல் மருத்துவரின் ஊசியையும் நான் அந்தக் கோணத்தில்தான் பார்க்கிறேன்.

வேல்மாறன்_புந்தோங்
புதன், இரவு 8.15

ஏத்துக்கறேன் அண்ணே. வேண்டுதலுக்கு எடுக்கற காவடி பாரமில்லைன்னு எங்க தாத்தா சொல்வாரு.

சுதா_தாதி
புதன், இரவு 8.40

கேள்விமணி ஐயா, ஏமாத்தாமலே இதைப் பயன்படுத்த வழி இருக்கா? டிரெஸர் ஐயா பொய் சொல்லலைன்னு சொன்னதுலேர்ந்து அதையே யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

கேள்விமணி
புதன், இரவு 9.25

இருக்கிறது. எனக்கே இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த ஆய்வு அது. 2016-ல் வெளியானது, லிஸ்பனில் நடந்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 97 பேர். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு கூட்டத்துக்கு அதோடு சேர்த்து ஒரு மாத்திரை. "இதில் மருந்து கிடையாது, வெற்று மாத்திரை" என்று வெளிப்படையாகச் சொல்லி, எதிர்பார்ப்பு உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதையும் விளக்கிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து, மாத்திரை எடுத்தவர்களுக்கு வழக்கமான வலி சுமார் 30 விழுக்காடு குறைந்திருந்தது. மற்றவர்களுக்கு 9 விழுக்காடு.

மாத்திரையை நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் விஷயத்தைப் புரியவைத்து, உண்மையைச் சொல்லி, ஆளை மதித்து உட்காரவைத்துப் பேசினாலே உடம்பு பதில் சொல்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி என்று தள்ளிவிடும் இடத்தில் இது நடக்குமா? அதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

கயல்_சிப்புட்
ஞாயிறு, மாலை 5.30

எல்லாருக்கும் நன்றி. வீட்டு நிலவரத்தைச் சொல்லணும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டதும் அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவெச்சேன். தேவி அக்கா எழுதினதை முழுசா சத்தமாப் படிச்சேன். அந்த 80 விழுக்காடு கணக்கு வந்ததும் அப்பா நிறுத்தச் சொன்னாரு. "அப்ப பெரட்டுல நிக்கற என் செட்டு ஆளுங்க பத்துல எட்டு பேருக்கு இப்படித்தான் இருக்குமா?"ன்னு கேட்டாரு. ஆமாப்பான்னேன். ஒவ்வொரு ஆளா பேர் சொல்லி எண்ண ஆரம்பிச்சாரு. அவருக்கு ஆச்சரியமா இருந்துச்சு. அவங்கள்லாம் இன்னும் குலை வெட்டிக்கிட்டு இருக்கறவங்க.

மூளை ஸ்கேன் விஷயம் வந்தப்ப அண்ணன் எதுவும் பேசல. முடிஞ்சதும், "வலி இருக்குதுன்னு நான் நம்பறேன்பா"ன்னு சொன்னாரு. அப்பா தலையாட்டினாரு. இப்ப ரெண்டு பேரும் பேசிக்கறாங்க.

வலி போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ராத்திரி மாத்திரை போட்டுத்தான் தூங்கறாரு. காலையில எழுந்திரிக்க நேரம் எடுக்குது. ஆனா நேத்து தானே சப்பாத்து மாட்டிக்கிட்டாரு, முகத்தைச் சுளிச்சுக்கிட்டுத்தான். சாயங்காலம் சாப்பாட்டுக்கடை வரைக்கும் நடந்துட்டு வந்தாரு.

அக்கா, திரும்பக் குலை வெட்டுக்குப் போகணும்னு சொல்றாரு. போகலாமா? போனா இன்னும் தேஞ்சிடுமோன்னு எனக்கே பயமா இருக்கு.

பிசியோ_தேவி
ஞாயிறு, இரவு 10.10

படுத்தே கிடந்தா முதுகுத் தசை பலம் இழக்கும், அதுதான் கெடுதல். நடமாட்டம் முதுகைத் தேய்க்காது. ஆனா நேரா நீளக் கழியைத் தூக்கிக்கிட்டு மரத்தடிக்குப் போக விடாதீங்க. இந்த வாரம் தினமும் நடை, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க. அரசாங்க கிளினிக்ல காட்டி பிசியோவுக்குக் கடிதம் வாங்குங்க. அதுலயே கொஞ்ச காலத்துக்கு இலகு வேலை கொடுக்கணும்னு எழுதித் தரச் சொல்லுங்க, தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட காட்டலாம். முதல்ல கனம் தூக்காத வேலை, பிறகு தாழ்வான மரம், உயரமான மரம் கடைசியா.

நடுவுல ஒரு நாள் வலி கூடும். கூடினா ஏதோ உடைஞ்சுடுச்சுன்னு அர்த்தம் இல்ல, ரொம்ப நாள் சும்மா இருந்த தசை வேலை செய்யுது, ரெண்டு மூணு நாள்ல அடங்கும். இதை அப்பாகிட்ட இப்பவே சொல்லி வெச்சிடுங்க. வலி வந்த பிறகு சொன்னா சமாதானம் சொல்றதா நினைப்பாரு. முதல்ல எழுதின அறிகுறிகள் எதுவும் புதுசா வந்தா மட்டும் காத்திருக்காதீங்க.

கயல்_சிப்புட்
ஞாயிறு, இரவு 10.32

சரிங்க அக்கா. செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போறோம், அண்ணன் லீவு போட்டிருக்காரு. தொழிலாளர் காப்புறுதி தர்ற சொக்சோவுக்கு எழுதிப் போடலாமான்னு அப்பா கேட்கறாரு. அதைத் தனி இழையா ஆரம்பிக்கறேன், விவரம் தெரிஞ்சவங்க அங்க வாங்க.